வறுமைக்கு ஓர் அத்தாட்சிப் பத்திரம்

மாளிகாவத்தை என்றதும் கொழும்பு மக்களுக்குக் கெத்தாராமை விளையாட்டரங்கின் நினைவே முதலில் வரும். இரவு ஆட்டம் நடைபெறும் நாட்களில் அவ்வரங்கின் விளக்கொளி எமது தொடர்மாடியின் படிக்கட்டுவரை வந்து விழுவதுண்டு. அந்த ஒளியிலே, மூன்றாம் மாடிப் படியில் அமர்ந்து ஒரு பெண்பிள்ளை கணக்கியல் படித்துக்கொண்டிருப்பதை நாம் பல இரவுகள் கண்டிருக்கிறோம். ஆட்டம் இல்லாத நாட்களிலும் அவள் அங்கேதான் இருப்பாள். படிக்கட்டு மின்விளக்கு ஒன்று போதும். ஏழு பேர் வாழும் ஒற்றை அறை வீட்டில் புத்தகத்தை விரித்துவைக்க வேறு இடம் இல்லை.

2023ஆம் ஆண்டில் அப்பிள்ளை உயர்தரப் பரீட்சையின் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு பெற்று, கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். அவளுடைய தாயார் ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பமும் கொண்டு, தலைமுக்காட்டைச் சரிசெய்தபடி எமது வாசலில் வந்து நின்ற காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு நாட்கள் கழித்து மகள் வந்தாள். அவள் கையில் இருந்தது உதவிப்பணத்துக்கான விண்ணப்பப் படிவம். இக்கட்டுரை அப்படிவத்தைப் பற்றியது.

நமது நாட்டிற் கல்வி இலவசம் என்பது பள்ளிக்கூடத்துச் சிறு பிள்ளைக்கும் தெரியும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதல், பாலர் வகுப்புத் தொடங்கிச் சர்வகலாசாலை வரையில் கட்டணம் நீங்கியது. ஆனால் கட்டணம் நீங்கியதே தவிர, பேருந்துக்குக் காசும் மதியச் சோறும் நூற்பிரதியும் நீங்கவில்லையே. வகுப்பில் உட்காருவதற்குப் பணம் வேண்டாம். வகுப்புவரை வந்து சேருவதற்கு வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பவே உதவிப்பணத் திட்டங்கள் பிறந்தன.

அவற்றுட் பெரியது மகாபொல. அக்காலத்தில் வர்த்தக, கப்பற்றுறை அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலி அவர்களின் முயற்சியால், 1981ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் நிறுவப்பட்டது. ஊரூராக நடாத்தப்பட்ட வர்த்தகச் சந்தைகளின் வருமானமும், பின்னர் லொத்தர் வருமானமும் அதற்குச் சேர்ந்தன. எமது ஆசிரியர் அறையில் வாரந்தவறாது லொத்தர்ச் சீட்டு வாங்கும் நண்பர் ஒருவர், “நமக்கு விழாவிட்டால் என்ன, யாரோ ஒரு பிள்ளைக்கு விழுகிறது” என்று தம்மைத் தேற்றிக்கொள்வார். மகாபொலவில் இரு வகை உண்டு: திறமைக்குரியது ஒன்று, சாதாரணமானது ஒன்று. அப்பிள்ளை விண்ணப்பித்த காலத்தில் முன்னையது மாதம் 5,050 ரூபா. பின்னையது 5,000 ரூபா. திறமையின் மேலதிக விலை ஐம்பது ரூபா என்று கொள்ளலாம்! மகாபொல கிடைக்காத வறிய மாணவருக்குப் பர்சரி எனப்படும் உதவித்தொகை இருக்கிறது; அது அப்போது 4,000 ரூபா. ஆண்டுக்குப் பத்துத் தவணை. விரிவுரைகளுக்கு ஒழுங்காகச் சமூகமளிப்பதும் நிபந்தனை. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் இத்தொகைகள் முறையே 7,500 ஆகவும் 6,500 ஆகவும் உயர்த்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

இனிப் படிவத்துக்கு வருவோம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 500,000 ரூபாவுக்கு மேற்படலாகாது என்று அதில் இருந்தது. வருமானத்தைக் கிராம உத்தியோகத்தர் அத்தாட்சிப்படுத்தப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். அரசாங்க உத்தியோகத்தரின் பிள்ளைக்கு இதில் இடர்ப்பாடு ஏதுமில்லை. சம்பளப் பட்டியல் சதக் கணக்கு வரையில் உண்மையைச் சொல்லிவிடும். சிலவேளை அவ்வுண்மையே அப்பிள்ளையை வரம்புக்கு வெளியே தள்ளிவிடுவதும் உண்டு. கடை வைத்திருப்பவருக்கோ பட்டியல் இல்லை. அவர் குறைத்துச் சொல்லலாம். குறைத்துச் சொன்னவர்களின் பிள்ளைகள் மோட்டார் வண்டியில் வந்து புலமைப்பரிசில் வாங்கிய கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் கூட்டிச் சொல்பவரும் இருப்பார் என்று எந்தச் சட்டமும் எண்ணிப்பார்ப்பதில்லை.

அப்பிள்ளையின் தந்தை புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் நாட்டாமி. வெங்காய மூடையும் பருப்பு மூடையும் முதுகில் ஏற்றி லொறிக்கும் கடைக்குமிடையே முப்பது ஆண்டு நடந்தவர். உன் தொழில் யாது, நாள் வருமானம் எவ்வளவு என்று அவரை அலுவலகத்திலே கேட்டிருக்கிறார்கள். நல்ல நாளிற் கிடைப்பதை அவர் சொன்னார்: 2,500 ரூபா. கேட்டவர் முப்பதாற் பெருக்கினார். பின்னர் பன்னிரண்டாற் பெருக்கினார். ஒன்பது இலட்சம் என்று மையினால் எழுதப்பட்டது. அவரும் கையொப்பமிட்டார். சில வாரங்களில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

பிள்ளை அழுதாள் என்று சொல்வதற்கில்லை. படிக்கட்டில் இருந்து படித்துக்கொண்டேயிருந்தாள். ஒரு கடையிற் பகுதிநேரம் கணக்கு எழுதப் போகலாமா என்று மட்டும் எம்மிடம் கேட்டாள். போனால் விரிவுரைகளிற் பாதி போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும், எமக்கும் தெரியும்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பூட்டியிருக்கும் நாளில், தந்தையை எமது வீட்டுக்கு அழைத்தோம். விஷயத்தை விளக்கியபோது அவர் முகம் சுருங்கிற்று. “அப்ப மகள்ட கடுதாசியில நான் ஏலாதவன் எண்டு எழுதச் சொல்றீங்களா, சேர்?” என்றார்.

அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல எமக்குச் சற்று நேரம் பிடித்தது. திருவள்ளுவர் ‘இரவு’ என ஓர் அதிகாரம் வகுத்து, அடுத்த கணமே ‘இரவச்சம்’ என இன்னோர் அதிகாரமும் வகுத்ததன் காரணம் எமக்கு அன்றுதான் விளங்கியது. குர்ஆனிலும், கேளாமல் மானத்தோடிருப்பதனால் அறியாதார் கண்ணுக்குச் செல்வர்போலத் தோன்றும் வறியவரைப் பற்றிச் சொல்லப்பட்டிருப்பதாக முஸ்லிம் நண்பர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். ஸக்காத்துக்கு அவர்கள் மார்க்கத்திலே துல்லியமான விதிகள் உண்டு. ஓராண்டு கைவசமிருந்த செல்வம் குறித்த அளவைத் தாண்டினால் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்கவேண்டும். பெறுவதற்குரியவர் எட்டு வகையினர். அதாவது, கொடுப்பவனுக்கும் விதி, பெறுபவனுக்கும் விதி.

விதி என்பது வெறும் தொல்லை அன்று. வரிசையும் ஒழுங்கும் இல்லாத கொடை என்ன செய்யும் என்பதை மாளிகாவத்தை வாசிகளாகிய நாம் மறக்க இயலாது. 2020ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி, கொரோனா முடக்கத்திடையே நோன்புக் காலத்தில், இங்கே பணம் பகிரப்பட்ட இடத்தில் ஏற்பட்ட நெரிசலில் மூன்று பெண்கள் உயிரிழந்தனர். அவர்கள் தேடி வந்தது சிறு தொகையே. ஆதலின், படிவமும் வேண்டாம், அத்தாட்சியும் வேண்டாம் என்று நாம் வாதாட வரவில்லை. படிவத்தில் எழுதிப் பெறுவது பிச்சை அன்று, குடிமகனுக்குரிய பங்கு என்பதை அந்தத் தந்தைக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்பதே எமது வாதம். “நானா, ஏலாதவன் என்று எழுத வேண்டாம், உள்ளதை உள்ளபடி எழுதுவோம்” என்றோம்.

மளிகைக் கடை நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வைத்தோம். ஞாயிறு தோறும் கடை இல்லை; கோடிட்டோம். போயா தினம், கோடிட்டோம். பெருநாள், மழையினால் லொறி வராத நாட்கள், துறைமுகத்திலிருந்து சரக்கு இறங்காத வாரம், முதுகு பிடித்து அவர் எழும்பாத நாட்கள் எல்லாம் அவர் மனைவியின் நினைவிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. ஒரு மாதம் பதினெட்டு நாள் வேலை, ஒரு மாதம் ஒன்பது. சராசரி பதின்மூன்று. பதின்மூன்று நாளை 2,500ஆற் பெருக்கினால் 32,500. ஆண்டுக்கு 390,000 ரூபா. ஒன்பது இலட்சத்துக்கும் இதற்கும் இடையிலுள்ள ஐந்து இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாவும் அம்மனிதர் ஒருநாளும் கண்டிராத பணம்.

இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும். 2022ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. மூடை தூக்குவோனின் நாட்கூலி பெயரளவில் ஏறிற்று. வீட்டுக்குப் போகும் அரிசி ஏறவில்லை. வரம்பு அசையாமல் நின்றால், வறியவன் வறியவனாயிருந்தபடியே அதைத் தாண்டிப்போய்விடுவான். மாதமொன்றுக்கு 41,666 ரூபாவில் ஏழுபேர் கொழும்பில் வாழ்வது எங்ஙனம் என்று வரம்பு வகுப்போர் ஒருமுறை சந்தைக்குப் போய்ப் பார்க்கலாம்.

கொழும்பு என்னும் பெயரே இப்பிள்ளைகளுக்குப் பாதகமாயும் முடிகிறது. பல்கலைக்கழக அனுமதியில் கலைப்பிரிவு நீங்கலான பெரும்பாலான துறைகளில் நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களுக்கும், ஐந்து வீதம் கல்வியிற் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. முல்லைத்தீவு, மன்னார், மொனராகலை போன்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு இது நீதி. இதை மறுப்பவர் அவ்வூர்ப் பள்ளிக்கூடங்களைப் பார்த்ததில்லை. ஆயினும் கொழும்பு மாவட்டம் என்ற ஒரே கூடையில், பெரும் கல்லூரிகளின் மாணவரோடு எமது படிக்கட்டுப் பிள்ளையும் கிடக்கிறாள். உதவிப்பணத்துக்கும் வீட்டிலே படிக்கும் உடன்பிறந்தாரின் தொகையோடு, வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் உள்ள தூரமும் கணக்கில் எடுக்கப்படுகிறது. அவளுக்குத் தூரம் ஐந்து கிலோமீற்றரும் இராது. தூரத்தை அளப்பது சுலபம். ஒற்றை அறையில் ஏழு பேர் இருப்பதை அளப்பதற்கு அப்படிவத்திற் கட்டம் இருக்கவில்லை.

மேன்முறையீடு செய்தோம். சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியக் கடதாசி முடித்து, நாட்காட்டிக் கணக்கின் பிரதியையும் இணைத்தோம். அலுவலகமொன்றில் எழுதுவினைஞர் ஒருவர், “முன்னர் ஒன்பது இலட்சம், இப்போது மூன்று இலட்சத்துத் தொண்ணூறாயிரம், இதில் எது பொய்?” என்று கேட்டார். கேட்டதில் பிழையில்லை, அது அவர் கடமை. தந்தை தலைகுனிந்து நின்றார். பின்னர், “முதல் சொன்னது நல்ல நாள் கணக்கு, இது எல்லா நாள் கணக்கு” என்றார். எழுதுவினைஞர் நாட்காட்டிப் பிரதியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கோவையிற் சேர்த்தார்.

இது மாளிகாவத்தைக்கு மாத்திரம் உரிய சங்கடம் அன்று. அமெரிக்காவில் மாணவர் உதவிக்கான அரசாங்கப் படிவத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வினாக்கள் இருந்தன. 2008ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் சிலர், வருமான வரிப் பத்திரம் நிரப்ப வந்த குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அதே மேசையில் வைத்து அப்படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தனர். வேறு சில குடும்பங்களுக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற விவரத்தை மட்டும் சொல்லி அனுப்பினர். நிரப்பிக் கொடுக்கப்பட்ட வீடுகளில் உயர்கல்விக்குச் சென்ற பிள்ளைகள் நூற்றுக்கு எட்டுப்பேர் அளவில் கூடினர். விவரம் மட்டும் பெற்ற வீடுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. பின்னர் அந்நாட்டுக் காங்கிரஸ் 2020ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றிப் படிவத்தையே சுருக்கியது. நமது பாடசாலைகளில் உயர்தர வகுப்பு மாணவருக்கு வெட்டுப்புள்ளி பற்றி மணிக்கணக்காகச் சொல்லுகிறோம். படிவம் நிரப்புவது எப்படி என்று ஓர் அரைமணி சொல்லுகிறோமா? எம்மையே கேட்டுக்கொள்கிறோம். இருபது ஆண்டு ஆசிரியத் தொழிலில் அந்த ஞாயிறு வரையில் நாம் சொன்னதில்லை.

பிள்ளைக்கு மகாபொல கிடைக்கவில்லை, பர்சரி கிடைத்தது. அதுவும் ஒரு பருவம் பிந்தி, நிலுவையோடு சேர்த்து வந்தது. முதற் பணத்தில் அவள் வாங்கியது ஒரு மடிப்பு மேசை. படிக்கட்டுத் தட்டில் அதை விரித்தால் மேலே போகிறவர்கள் சுவரோரமாக ஒதுங்கிப் போகவேண்டும், ஒதுங்கித்தான் போகிறோம்.

அடுத்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிற் கதவு தட்டப்பட்டது. தந்தையார் நின்றார். பக்கத்தில் நாலாம் குறுக்குத் தெருவைச் சேர்ந்த இன்னொரு நாட்டாமி, தமிழர். மகன் உயர்தரம் சித்தியடைந்திருக்கிறானாம். “இவரும் நல்ல நாள் கணக்குத்தான் சொல்றார், சேர்” என்று சிரித்துக்கொண்டே, கையிலிருந்த நாட்காட்டியை எம்மிடம் நீட்டினார்.