கோஹினூர் பங்களாவில் காஷ்மீர் சிங்கம்

கொடைக்கானலுக்குப் போனால் முதலில் எங்கே ஓடுவீர்கள்? ஏரிக்குத்தானே! படகு, சைக்கிள், குதிரை, சுடச்சுட மக்காச்சோளம். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

அந்த ஏரியில் மிதந்த முதல் படகு எங்கிருந்து வந்தது தெரியுமா? தூத்துக்குடியிலிருந்து! ஆமாம், கடற்கரைத் துறைமுகத்திலிருந்து ஏழாயிரம் அடி உயர மலைக்கு ஒரு படகு ஏறி வந்திருக்கிறது. இன்றைக்கு லாரியில் ஏற்றினால் ஒரே நாளில் வந்துவிடும். அன்றைக்கு மலைக்குச் சாலையே கிடையாது.

இந்த ஏரியும், அதைச் சுற்றி முளைத்த பங்களாக்களும், அவற்றில் ஒரு பங்களாவுக்கு 1965-ம் ஆண்டு வந்து சேர்ந்த ஒரு பெரிய மனிதரும்தான் இந்த வாரக் கதை.

இரண்டே வீடுகள்!

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் பழனி மலையின் உச்சியில் சோலைக் காடும் புல்வெளியும்தான். பளியர், புலையர் போன்ற மலைவாழ் மக்கள் இருந்தார்கள். சில சிற்றூர்களும் இருந்தன. 1821-ல் வார்டு என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மலையை அளக்க மேலே ஏறினார். 1834-ல் மதுரையின் துணை கலெக்டர் ராட்டன் என்பவரும், காட்டன் என்ற நீதிபதியும் சேர்ந்து செண்பகனூரில் ஒரு சின்ன பங்களா கட்டினார்கள்.

ஆனால், இன்றைய கொடைக்கானல் ஊருக்கு அஸ்திவாரம் போட்டவர்கள் அதிகாரிகள் இல்லை. மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரியார்கள்தான். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் நடத்தி வந்த அமெரிக்க மிஷன், 1834-ல் மதுரைக்கும் வந்தது. வந்தவர்களுக்கு மதுரை வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. காலராவும் காய்ச்சலும் ஒவ்வொருவராகக் கொண்டுபோயின. அந்தக் காலத்தில் காலராவுக்கு மருந்து கிடையாது. அது தண்ணீரால் பரவுகிறது என்பதுகூட யாருக்கும் தெரியாது! குளிர்ந்த மலைக்குப் போனால் பிழைக்கலாம் என்பது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம்.

முதலில் பக்கத்தில் இருக்கும் சிறுமலைக்குப் போனார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பிறகு பழனி மலையில் ஏறி 1845-ல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். ஒன்றுக்கு 'சன்னிசைடு' என்றும், இன்னொன்றுக்கு 'ஷெல்டன்' என்றும் பெயர் வைத்தார்கள். கொடைக்கானல் என்ற மலைநகரம் அந்த இரண்டு வீடுகளில்தான் ஆரம்பித்தது.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இதில் ஒரு வித்தியாசம் உண்டு. ஊட்டி, சென்னை அரசாங்கத்தின் கோடைக்காலத் தலைநகரம். கவர்னருக்கு அங்கே பெரிய மாளிகை. வெயில் வந்தால் ஆபீஸ், பைல், குமாஸ்தா எல்லாம் ரயிலேறி ஊட்டிக்குப் போய்விடும். கொடைக்கானலில் அந்த ஆர்ப்பாட்டம் இல்லை. பாதிரியார்களும், மதுரைப் பக்கத்து கலெக்டர், நீதிபதிகளும் தங்கள் சொந்தப் பணத்தில் பங்களா கட்டிக்கொண்ட ஊர் அது.

கலெக்டர் வெட்டிய ஏரி

மதுரை கலெக்டராக இருந்தவர் சர் வெரே ஹென்றி லெவிஞ்ச். அயர்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மலையில் ஓரிடத்தில் ஓடைகள் சேர்ந்து சதுப்பு நிலமாகக் கிடந்தது. 1863-ல் அங்கே ஒரு கரையைக் கட்டித் தண்ணீரைத் தேக்கினார். மலை மடிப்புகளுக்குள் தண்ணீர் புகுந்து பரவியதால்தான் ஏரி நட்சத்திர வடிவத்தில் இருக்கிறது. பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றி நடந்தால் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். ஏரிக்கான செலவில் தன் கைப்பணத்தையும் போட்டார் லெவிஞ்ச். மீன் குஞ்சுகளை விட்டார். தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்ததும் அவர்தான்!

தூத்துக்குடியிலிருந்து கொடைக்கானல் சுமார் 250 கிலோமீட்டர். சமவெளியில் மாட்டு வண்டி போகும். பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்கு வந்துவிட்டால் வண்டி நின்றுவிடும். அதற்கு மேல் சுமார் 12 மைல் ஒற்றையடி மலைப்பாதைதான். துரைமார்கள் மட்டக்குதிரையில் போவார்கள். துரைசானிகளும் குழந்தைகளும் டோலியில் போவார்கள். டோலியைத் தூக்குபவர்கள் நம் ஊர் ஆட்கள். மேஜை, நாற்காலி, இரும்புக் கட்டில், பீங்கான் தட்டு, பியானோ என்று பங்களாவுக்கு வேண்டிய அத்தனையும் மனிதர்களின் தலையிலும் தோளிலும்தான் மேலே போயின. பங்களா கட்டிய துரையின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. பியானோ தூக்கியவரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. மோட்டார் வண்டி போகும் மலைச்சாலை 1910-களில்தான் வந்தது. அதுவரை இதே கதைதான்.

லெவிஞ்ச் 1867-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மற்றவர்கள் கப்பல் ஏறி ஊருக்குப் போய்விடுவார்கள். இவர் போகவில்லை. 1885-ல் இறக்கும்வரை கொடைக்கானலிலேயே வாழ்ந்தார். ஏரியில் 1890-ல் படகுக் குழாமும் வந்துவிட்டது.

வேலை மாறிய வீடுகள்

மனிதர்கள் வேலை மாறுவதுபோல வீடுகளும் வேலை மாறும். 'ஹைகிளர்க்' என்று ஏரிப் பக்கத்தில் ஒரு ஓட்டல் இருந்தது. 1901-ல் அங்கே பாதிரியார்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். அதுதான் பிறகு கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாக வளர்ந்தது.

கொடைக்கானலில் ஒரு பங்களாவின் பெயர் 'கோஹினூர்'. ஆம், அந்த வைரத்தின் பெயர்தான். பாரசீக மொழியில் 'ஒளியின் மலை' என்று அர்த்தம். மலைமேல் இருக்கும் வீட்டுக்குப் பொருத்தமான பெயர் இல்லையா? இந்த பங்களாவுக்குக் கிடைத்த வேலைதான் வித்தியாசமானது. அது ஒரு காவல் வீடாக மாறியது!

யார் அந்தச் சிங்கம்?

ஷேக் முகம்மது அப்துல்லா 1905-ல் ஸ்ரீநகரை அடுத்த சௌராவில் பிறந்தவர். சால்வை வியாபாரம் செய்த குடும்பம். வேதியியல் படித்துவிட்டு ஸ்ரீநகரில் அறிவியல் ஆசிரியராக வேலை பார்த்தார். அப்போது காஷ்மீரை மகாராஜா ஆண்டு வந்தார். மக்களுக்கு உரிமை வேண்டும் என்று மன்னராட்சியை எதிர்த்துப் போராடி, பலமுறை சிறை சென்றார் ஷேக். மக்கள் அவரை 'ஷேர்-ஏ-காஷ்மீர்' என்று அழைத்தார்கள். காஷ்மீர் சிங்கம் என்று பொருள்.

1948-ல் அவர் ஜம்மு காஷ்மீரின் பிரதமரானார். 'மாநிலத்துக்கு முதலமைச்சர்தானே இருப்பார், பிரதமர் எப்படி?' என்று கேட்பீர்கள். அந்த மாநிலத்தில் மட்டும் 1965 வரை அந்தப் பதவிக்குப் பிரதமர் என்றே பெயர்.

நேருவும் அவரும் நெருங்கிய நண்பர்கள். ஆனால், காஷ்மீரின் எதிர்காலம் என்ன என்பதில் இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடு வளர்ந்தது. 1953 ஆகஸ்டில் ஷேக் பதவி நீக்கப்பட்டுக் கைது செய்யப்பட்டார். நடுவில் சில மாதங்கள் தவிர, 1964 வரை காவல்தான். விடுதலையானதும் டெல்லிக்குப் போய் நேருவின் வீட்டிலேயே தங்கினார். இரு நாடுகளுக்கும் சமாதானம் பேசுவதற்காகப் பாகிஸ்தான் போனார். அவர் அங்கே இருந்தபோதுதான், 1964 மே 27-ம் தேதி, நேரு இறந்துபோனார். செய்தி கேட்டு ஓடி வந்தார் ஷேக்.

அடுத்த வருஷம் ஹஜ் யாத்திரை போனார். போன பயணத்தில் அல்ஜீரியாவில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போர் நடந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. இந்திய அரசுக்குக் கடும் கோபம். 1965 மே 8-ம் தேதி அவர் விமானத்தை விட்டு டெல்லியில் இறங்கியதும் கைது செய்யப்பட்டார். உடனே தெற்கே கொண்டுவந்துவிட்டார்கள். முதலில் ஊட்டி. பிறகு கொடைக்கானல், கோஹினூர் பங்களா.

ஏன் இவ்வளவு தூரம்? ஸ்ரீநகரிலிருந்து கொடைக்கானல் நேர்க்கோட்டில் சுமார் 2,600 கிலோமீட்டர். இந்தியாவின் உச்சியிலிருந்து ஏறக்குறைய அடி வரை! ஆதரவாளர்கள் கூட்டமாகத் திரண்டு வர முடியாது. பேச்சு புரியாது. அதேசமயம், காஷ்மீரின் குளிருக்குப் பழகியவரைச் சமவெளி வெயிலில் வாட்டவும் வேண்டியதில்லை.

அவர் மேல் கோர்ட்டில் வழக்கு நடந்து, தீர்ப்பாகி அனுப்பப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். 1962-ல் சீனப் போரின்போது நாட்டில் நெருக்கடி நிலை அறிவித்திருந்தார்கள். போர் முடிந்தும் 1968 ஜனவரி வரை அது நீடித்தது. அந்தச் சமயத்தில் இருந்த இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி, விசாரணை இல்லாமலே ஒருவரைக் காவலில் வைக்க முடியும். அது சரியா, தவறா என்று பெரியவர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். உங்கள் வகுப்பிலும் ஒரு பட்டிமன்றம் வைத்துப் பார்க்கலாம்.

மாளிகையைச் சிறையாக்குவது புதிதல்ல. பர்மாவின் கடைசி மன்னர் தீபாவை ஆங்கிலேயர்கள் ரத்தினகிரிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே கடலைப் பார்த்தபடி அவருக்கு ஒரு மாளிகையே கட்டிக் கொடுத்து 1916-ல் அவர் இறக்கும்வரை காவலில் வைத்தார்கள். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நம் வேலூர்க் கோட்டையில் இருந்து 1832-ல் இறந்தார். காந்திஜியையும் கஸ்தூரிபாவையும் 1942-ல் அடைத்தது புனேயில் ஆகாகான் மாளிகையில். கஸ்தூரிபா அங்கேயே கண்மூடினார். மொட்டைச் சுவர், இரும்புக் கம்பி இல்லாவிட்டாலும், வாசலைத் தாண்டிப் போகக் கூடாது என்றால் அது சிறைதான்.

ஏரியைத் தேடி வந்தவரா?

ஸ்ரீநகர் என்றாலே தால் ஏரிதான். படகு வீடுகள், 'ஷிகாரா' என்ற அலங்காரப் படகுகள், தண்ணீரின் மேலேயே காய்கறித் தோட்டங்கள்! அந்த ஏரிக்கரை ஊரின் சிங்கம், லெவிஞ்ச் துரையின் சின்ன நட்சத்திர ஏரி இருக்கும் ஊருக்கு வந்து சேர்ந்தது. அங்கே சினார் மரங்கள் இலையுதிர்காலத்தில் தீப்பிடித்ததுபோலச் சிவக்கும். இங்கே யூகலிப்டஸ் வாசம். அதுவும் இந்த மலையின் சொந்த மரம் இல்லை. 1852-ல் மேஜர் பார்ட்ரிட்ஜ் என்பவர் கொண்டுவந்து நட்ட வெளிநாட்டு மரம். வெளியூர் மரமும் வெளியூர் மனிதரும் ஒரே மலையில்!

அவர் காவலில் இருந்தபோது வெளியே உலகம் வேகமாக மாறியது. 1965 செப்டம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் காஷ்மீருக்காகவே போர் நடந்தது. 1966 ஜனவரியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தார். இந்திரா காந்தி பிரதமரானார். ஷேக் வந்தபோது தமிழ்நாட்டில் பக்தவத்சலம் முதலமைச்சர். 1967 தேர்தலில் காங்கிரஸ் தோற்று அண்ணா முதலமைச்சரானார். அதே 1967-ல் ஷேக் டெல்லிக்குக் கொண்டுபோகப்பட்டார். 1968 ஜனவரி 2-ம் தேதி விடுதலையானார். கொடைக்கானலில் அந்த மாளிகையின் பெயரோடு அவருடைய பெயரும் சேர்ந்து, 'கோஹினூர் ஷேக் அப்துல்லா மாளிகை' ஆகிவிட்டது.

கைதியாக இருந்தவரோடு பிறகு இந்திரா காந்தி உடன்பாடு செய்துகொண்டார். 1975-ல் ஷேக் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். இந்த முறை பதவியின் பெயர் முதலமைச்சர். அவர் உருது மொழியில் சொன்ன சுயசரிதைக்கு 'ஆதிஷ்-ஏ-சினார்' என்று பெயர். சினார் மரத்தின் நெருப்பு! அது புத்தகமாக வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1982 செப்டம்பர் 8-ம் தேதி முதலமைச்சராக இருக்கும்போதே இறந்துவிட்டார். அவருடைய கல்லறை தால் ஏரிக்கரையில் இருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில் அவருக்கு அதிர்ஷ்டம் இல்லை. கொடைக்கானலில் இரண்டு வருஷம் போல இருந்தும், மலையே நீலமாகும் குறிஞ்சிப் பூவை அவரால் பார்த்திருக்க முடியாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 1958-ல் பூத்தது. அடுத்து 1970-ல்தான். அவர் வந்தது நடுவில். அப்புறம் 1982, 1994, 2006, 2018. அடுத்த முறை 2030. அப்போது உங்களுக்கு எத்தனை வயது இருக்கும் என்று கணக்குப் போட்டு, இப்போதே அப்பா அம்மாவிடம் சொல்லி வையுங்கள்!