திரை உள்ளேயா, வெளியேயா?

மே மாதத்தில் மாலை நான்கு மணிக்கு உங்கள் வீட்டு அறைகளுக்குள் ஒவ்வொன்றாகச் சென்று சற்று நேரம் நின்று பாருங்கள். எந்த அறை அதிகமாகக் காய்கிறது? மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறைகளை விட்டுவிட்டால், பெரும்பாலும் அது மேற்கு ஜன்னல் உள்ள அறையாகத்தான் இருக்கும். நீங்கள் பரீட்சைக்குப் படிக்கும் மேசை அங்கே கிடக்கலாம். பாட்டியின் கட்டிலும் அங்கேயே இருக்கலாம். பகலில் ஏறிய சூடு சுவரிலும் தரையிலும் தங்கி, இரவு பத்து மணிக்கும் அந்த அறையைத் தூங்க விடாமல் செய்கிறது. வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இது வெறும் அசௌகரியம் அல்ல, உடல்நலத்திற்கே கேடு.

"ஜன்னலுக்கு நல்ல திரையாகப் போடலாம்" என்று வீட்டில் முடிவு செய்து கடைக்குப் போகிறார்கள். கடையில் கனத்த துணித் திரை, சுருள்கிற ரோலர் பிளைண்டு, பட்டை பட்டையான வெனீஷியன் பிளைண்டு என்று பலவற்றைக் காட்டுகிறார்கள். வண்ணத்தைப் பற்றியும் துணியின் தரத்தைப் பற்றியும் பேச்சு நடக்கிறது. இந்தத் திரையை ஜன்னலுக்கு உள்ளே மாட்டுவதா, வெளியே மாட்டுவதா என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. வெப்பத்தைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். விலை அதற்குப் பிறகு வருகிறது.

ஜன்னல் வழியே எவ்வளவு வெப்பம் வருகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 அடி உயரமும் 3 அடி அகலமும் உள்ள மேற்கு ஜன்னலின் பரப்பு 12 சதுர அடி, அதாவது சுமார் 1.1 சதுர மீட்டர். மேகமில்லாத மே மாத மாலையில், மேற்குச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் நேர் வெயில் ஏறத்தாழ 550 வாட் அளவுக்கு விழுகிறது. சாதாரணக் கண்ணாடி இதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உள்ளே விட்டுவிடும். ஆக, உள்ளே வருவது சுமார் 500 வாட். பழைய காலத்து 100 வாட் குண்டு பல்புகள் ஐந்தைப் பகலில் எரியவிட்டது போன்றது இது! மேலே சுற்றும் மின்விசிறி இந்த வெப்பத்தில் ஒரு துளியையும் குறைப்பதில்லை. நம் வியர்வையை உலர்த்துவதுதான் அதன் வேலை.

கண்ணாடிப் பெட்டியின் கதை

1767ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் வாழ்ந்த ஹொராஸ் பெனெடிக்ட் தெ சொசூர் என்ற அறிஞர் கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கி வெயிலில் வைத்துச் சோதனை செய்தார். நடுப்பெட்டியில் கொதிக்கும் நீரை நெருங்கும் அளவுக்குச் சூடு ஏறியது. பின்னர் உட்புறம் கறுப்பாக்கிய மரப்பெட்டியைக் கண்ணாடிகளால் மூடி வைத்தபோது, நீரின் கொதிநிலையையே தாண்டிவிட்டது. வெயிலைத் தவிர வேறு எரிபொருள் எதுவும் அதில் இல்லை. இன்றைய சூரிய அடுப்புக்கு இதுவே முன்னோடி.

இதற்குக் காரணம் என்ன? வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியும் ஒளி. மீதியில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர். (நிறமாலையில் சிவப்பு நிறத்தையும் தாண்டி வெப்பமானியை வைத்து, அங்கே கண்ணுக்குத் தெரியாத கதிர் இருப்பதை 1800ஆம் ஆண்டில் கண்டவர் வில்லியம் ஹெர்ஷல்.) வெயிலில் வரும் ஒளியும் குறுகிய அலைநீள அகச்சிவப்பும் கண்ணாடியைத் தாராளமாகக் கடந்துவிடும். அவை உள்ளே தரையிலும் மேசையிலும் பட்டு அவற்றைச் சூடாக்குகின்றன. சூடான அந்தப் பொருள்களும் தம் பங்குக்குக் கதிர்வீசுகின்றன. ஆனால் அவை வெளியிடுவது மிக நீண்ட அலைநீளமுள்ள அகச்சிவப்பு. கண்ணாடி அதை விடாது. வெயிலுக்கு வாசலாக இருந்த அதே கண்ணாடி, அறையின் வெப்பத்துக்குச் சுவராகிவிடுகிறது. கூடவே, சூடான காற்றும் வெளியேற முடியாமல் தங்கிவிடுகிறது.

இவ்விரண்டில் எது பெரிய காரணம்? 1909இல் அமெரிக்க இயற்பியல் அறிஞர் ஆர். டபிள்யூ. உட் ஒரு பெட்டிக்குக் கண்ணாடி மூடியும், மற்றொன்றுக்கு நீண்ட அலைக் கதிரையும் கடத்தும் பாறையுப்புத் தகடும் போட்டுப் பார்த்தார். இரண்டின் வெப்பநிலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. காற்றை அடைத்து வைப்பதே முக்கியக் காரணம் என்பது அவர் முடிவு. ஜன்னலைத் திறந்து வைப்பதன் அருமை இதிலிருந்து விளங்கும். திரையைப் பற்றிப் பேசும்போது காற்றையும் மறக்கக்கூடாது என்பதும் விளங்கும்.

இப்போது திரைக்கு வருவோம். கண்ணாடிக்கு உள்ளே கருநீலத் திரை ஒன்று தொங்குகிறது என்று வையுங்கள். வெயில் கண்ணாடியைக் கடந்து வந்து திரையில் படுகிறது. திரை அதை உட்கவர்ந்து சூடாகிறது. அந்தச் சூடு எங்கே போகும்? அறைக்குள்தான்! திரை அறையை இருட்டாக்குகிறது, கண்கூச்சத்தைத் தடுக்கிறது. வெப்பத்தையோ உள்ளே வரவேற்றுவிட்டுத்தான் தடுக்கப் பார்க்கிறது. திருடன் கூடத்துக்கு வந்த பிறகு அறைக்கதவைப் பூட்டுவது போன்ற வேலை இது. அதே திரையைக் கண்ணாடிக்கு வெளியே தொங்கவிட்டால், அது எவ்வளவு சூடானாலும் அந்தச் சூட்டில் பெரும்பகுதியைத் தெருக்காற்று கொண்டு போய்விடும்.

அமெரிக்க எரிசக்தித் துறை வீட்டுக்காரர்களுக்கு வெளியிட்டுள்ள குறிப்புகளில் சில எண்கள் உள்ளன. வெள்ளை பிளாஸ்டிக் பின்புறம் உள்ள நடுத்தர நிறத் திரை, ஜன்னல் வெப்பத்தை 33 சதவீதம் குறைக்கும். நன்கு எதிரொளிக்கும் பிளைண்டை முழுதும் மூடினால் சுமார் 45 சதவீதம் குறையும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே கட்டும் துணிப்பந்தலோ 77 சதவீதம் வரை குறைக்கும். நம் ஊர் வெயிலில் இந்த எண்கள் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் எது முந்தும், எது பிந்தும் என்ற வரிசை மாறாது. அது இயற்பியல் விதித்த வரிசை.

எந்த ஜன்னலுக்கு முதலிடம்?

எல்லா ஜன்னலுக்கும் ஒரே நாளில் திரை வாங்க வேண்டியதில்லை. சூரியன் போகும் பாதையைத் தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 25ஐ ஒட்டி அங்கே நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதன் பிறகு ஆகஸ்ட் 18 வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கேதான் இருக்கும். அதாவது, கோடையின் உச்சத்தில் தெற்கு ஜன்னலுக்கு நண்பகல் வெயிலே கிடையாது! டிசம்பரில்தான் சூரியன் தெற்கே சாய்ந்து வருகிறது. அப்போதும் அது நண்பகலில் 53 பாகை உயரத்தில் இருப்பதால், ஒன்றரை அடி நீட்டமுள்ள சன்ஷேடு இரண்டடி ஆழத்துக்கு நிழல் தந்துவிடும்.

மேற்கு ஜன்னலில் இந்தக் கணக்கு பலிக்காது. மே மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் சுமார் 33 பாகை உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. அதே ஒன்றரை அடி சன்ஷேடு அப்போது தருவது ஓரடி நிழல்தான். 5 மணிக்கு அரையடி. நான்கடி ஜன்னலுக்கு அரையடி நிழல் எந்த மூலைக்கு? எனவே மேற்கே தலைக்கு மேல் நீட்டுவதில் பயன் குறைவு. முகத்துக்கு நேரே தொங்கவிட வேண்டும். கிழக்கு ஜன்னலுக்கும் இதே நிலைதான், ஆனால் காலையில் வீடு இன்னும் சூடேறாமல் இருப்பதால் பொறுத்துக்கொள்ளலாம். கையில் இருக்கும் பணம் முதலில் மேற்கு ஜன்னலுக்குப் போகட்டும்.

எதைத் தொங்கவிடுவது?

மூங்கில் தட்டியைத்தான் முதலில் சொல்வேன். மெல்லிய மூங்கில் சிம்புகளைக் கயிற்றால் கோத்த தட்டி வெயிலை மறைக்கும். இடுக்குகள் வழியே காற்றையும் விடும். வேண்டாதபோது சுருட்டிக் கட்டிவிடலாம். தென்னங்கீற்றுத் தட்டி இதைவிட மலிவு, நிழலும் குளுமையானது. ஆனால் மழையில் நைந்து போகும், பூச்சி அடையும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அடுப்பங்கரை ஜன்னலுக்கு ஆகாது. நாற்றுப் பண்ணைகளில் கூரையாகக் கட்டும் பச்சை நிழல்வலையும் இன்று மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. 50, 75, 90 என்று அதில் குறிப்பிடும் எண், எத்தனை சதவீத வெளிச்சத்தை அது மறைக்கும் என்பதைக் காட்டுவது. ஜன்னலுக்கு 75 போதும். 90 வாங்கினால் பகலிலேயே விளக்குப் போட வேண்டி வரலாம். பழைய கோரைப்பாய் சும்மா கிடந்தால் ஒரு கோடைக்கு அதுவே போதும். தார்ப்பாய் மட்டும் வேண்டாம். வெயிலோடு காற்றையும் அடைத்துவிடும்.

சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் காற்று மிக முக்கியம். அங்கே கோடையில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். கிழக்கு ஜன்னல் வழியே நுழையும் காற்று வெளியேற ஒரு வழி வேண்டாமா? பல வீடுகளில் அந்த வழி, வெயில் அடிக்கும் அதே மேற்கு ஜன்னல்தான். வெயிலுக்குப் பயந்து அதை இறுக மூடினால் கடற்காற்றும் உள்ளே வராமல் திரும்பிவிடும். ஆகவே தட்டியைச் சுவரோடு ஒட்டி அடிக்காமல் அரையடி தள்ளி, சன்ஷேடின் விளிம்பிலிருந்து தொங்கவிடுங்கள். ஜன்னல் கதவுகளைத் திறந்து வைக்கலாம். தட்டிக்கும் சுவருக்கும் நடுவே சூடாகும் காற்றும் மேலெழுந்து வெளியேறிவிடும். தட்டியின் அடிப்பக்கத்தைக் கம்பியோடு கட்டி வைக்க மறக்காதீர்கள். ஒரு கோடை மழைக் காற்று போதும், மாடியிலிருந்து அது பறந்து யார் தலையிலாவது விழுவதற்கு.

வெட்டிவேர்த் தட்டி வேறு வகை. அதன் வேலை நிழல் தருவது மட்டுமல்ல. நனைத்த தட்டி வழியே காற்று புகும்போது நீர் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 2400 கிலோஜூல் தேவை. ஆகவே, நாம் கணக்கிட்ட 500 வாட் வெப்பத்தை ஈடுகட்ட மணிக்கு முக்கால் லிட்டர் ஆவியானால் போதும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் காற்று வறண்டிருந்தால்தான் இது நடக்கும். 40 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் ஈரக்குமிழ் வெப்பமானி சுமார் 23 டிகிரி காட்டும். 17 டிகிரி இறங்க இடம் இருக்கிறது. 34 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள கடற்காற்றில் அது சுமார் 28 டிகிரி காட்டும். அங்கே இறங்க இடம் வெறும் 6 டிகிரி. தட்டி அந்த எல்லை வரையும் போகாது. உள்நாட்டு ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களின் வறண்ட பகலுக்கு வெட்டிவேர் நல்லது. கடலோரத்தில் மாலை வேளையில் அது அறையில் புழுக்கத்தைக் கூட்டும்; மணத்துக்காக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

வெளியே கட்ட முடியாவிட்டால்?

வாடகை வீடு, உயரமான அடுக்குமாடி, அனுமதி தராத வீட்டுக்காரர் என்று தடைகள் இருக்கலாம். அப்போது உள்ளே மாட்டுவதையே கவனமாக மாட்ட வேண்டும். வெள்ளைத் துணி, தன்மீது விழும் வெயிலில் பெரும்பகுதியை ஒளியாகவே திருப்பி அனுப்புகிறது. ஒளியாக வந்தது ஒளியாகவே திரும்பினால் கண்ணாடி அதற்கு மீண்டும் வழிவிடும். வெப்பமாக மாறிவிட்டால் விடாது. திரை கனமாக இருக்கிறதா என்பதைவிட, கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெளுப்பாக இருக்கிறதா என்பதே முக்கியம். அறைப் பக்கம் எந்த வண்ணமும் இருந்துவிட்டுப் போகட்டும். அப்பாவின் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டாக மடித்து, இருக்கிற திரையின் பின்னால் தைத்துவிட்டால் செலவு நூலுக்கு மட்டும்தான்.

கடையில் பிளைண்டு வாங்குவதாக இருந்தால் இழுக்கும் கயிற்றையும் கவனியுங்கள். வளையமாகத் தொங்கும் கயிறு சிறு குழந்தைகளின் கழுத்தில் மாட்டி உயிரைப் பறித்த விபத்துகள் பல நாடுகளில் நடந்துள்ளன. கயிறில்லாத வகை கிடைத்தால் நல்லது. இல்லையேல் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஆணி அடித்துக் கயிற்றைச் சுற்றி வையுங்கள். கட்டிலையும் தொட்டிலையும் அந்த ஜன்னலருகே போடாதீர்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

ஒரே அளவுள்ள செருப்புப் பெட்டிகள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மூடியிலும் உள்ளங்கை அளவுக்கு வெட்டி, அங்கே கண்ணாடித் துண்டை ஒட்டுங்கள். பள்ளி ஆய்வகத்தில் மூன்று வெப்பமானிகள் கேட்டு வாங்கி, பக்கவாட்டுத் துளை வழியே ஒவ்வொரு பெட்டியிலும் செருகுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது. சூடு அதன் எல்லையைத் தாண்டினால் வெடித்துவிடும். முதல் பெட்டியை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் கண்ணாடிக்கு உள்ளே ஒரு கறுப்புத் துணியைப் பொருத்துங்கள். மூன்றாவதில் அதே துணியைக் கண்ணாடிக்கு வெளியே, ஓர் அங்குலம் உயர்த்திக் கட்டுங்கள். மூன்றையும் வெயிலில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடுங்கள். பிறகு கறுப்புத் துணிக்குப் பதிலாக வெள்ளைத் துணி வைத்து முழுவதையும் மறுபடி செய்யுங்கள். உள்ளே இருக்கும்போது நிறம் எவ்வளவு மாற்றம் செய்கிறது, வெளியே இருக்கும்போது எவ்வளவு செய்கிறது என்பதை இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்தால் காணலாம். வீட்டில் திரை வாங்கக் கிளம்புவதற்கு முன் அவற்றை அப்பா அம்மாவிடம் காட்டுங்கள்.