திரள்மீனும் கண்ணாடித் தொட்டியும்

வீட்டில் அழகிற்காக மீன் வளர்ப்போருள் சிலர், நன்னீர் மீன்களோடு அமைந்துவிடாமல் உவர்நீர்த் தொட்டியும் வைக்கின்றனர். பவழப் பாறைகளின் இடுக்குகளில் வாழும் சிறிய வண்ண மீன்களை இவ்வாறு வளர்ப்பது கடினமே. எனினும் இயலாத காரியமன்று. ஆனால் ஆசை அவ்வளவில் நிற்பதில்லை. திறந்த கடலில் நூற்றுக்கணக்கில் கூடி, வெள்ளித் தகடுகள் ஒருங்கே திரும்பினாற் போலப் பளபளத்துச் செல்லும் பெருமீன் கூட்டத்தைத் தம் வீட்டுக் கூடத்திலேயே காண வேண்டும் என்று விழைகின்றனர். “ஆறடித் தொட்டி ஒன்று வாங்கினால் பாறை மீன் ஆறு விடலாமா?” என்று கல்லூரி மாணவர் ஒருவர் என்னைக் கேட்டார். கூடாது என்ற ஒரு சொல்லில் விடை அடங்கிவிடும். ஆயினும் ஏன் கூடாது என்பதில்தான் அறியத்தக்க செய்திகள் பல உள்ளன.

அவர் விரும்பிய மீன் பாறை இனத்துள் மிக எழில் வாய்ந்தது. இளமையில் பொன் மஞ்சள் உடலும் கரிய பட்டைகளும் கொண்டிருக்கும். சுறா முதலிய பெருமீன்களின் அருகே சிறு கூட்டமாக நீந்திச் செல்லும். விற்பனைக்கு வரும்போது அது விரல் நீளமே இருக்கும். வளர்ந்தாலோ ஒரு மீட்டரையும் தாண்டக்கூடும். இங்கே சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 5 சென்டிமீட்டர் மீன் அதே உருவ அமைப்போடு 50 சென்டிமீட்டராக வளர்ந்தால், நீளம் 10 மடங்கு. எடையோ 1,000 மடங்கு! தின்னும் இரையும், கழிக்கும் கழிவும், வேண்டும் பிராணவாயுவும் எடையைத் தொடர்ந்து ஏறுகின்றன.

ஆறடித் தொட்டியின் நீளம் ஏறத்தாழ 180 சென்டிமீட்டர். அகலமும் உயரமும் 60 சென்டிமீட்டர் எனக் கொண்டால் அதில் 648 லிட்டர் நீர் கொள்ளும். கடல்நீராதலின் நீர் மட்டுமே 660 கிலோகிராமுக்கு மேல் நிறுக்கும். வீட்டுத் தளம் தாங்குமா என்று கவலைப்படும் அளவுக்கு அது நமக்குப் பெரிது. மீனுக்கோ? 40 சென்டிமீட்டர் வளர்ந்த பாறை மீன் வினாடிக்குத் தன் உடல் நீளம் ஒன்றே கடப்பதாக வைத்துக்கொண்டாலும், ஐந்து வினாடிக்குள் எதிர்ச் சுவரை அடைந்துவிடும். அப்படியானால் மணிக்கு எழுநூறு முறைக்கு மேல் அது திரும்பியாக வேண்டும். கடலில் பிறந்து கடலில் திரியும் இம்மீனின் முன்னோர் எவரும் நேர் எதிரே நிற்கும் சுவரைக் கண்டதில்லை!

சூரை மீனை நோக்கினால் இது இன்னும் தெளிவாகும். மற்ற மீன்கள் பல, ஓரிடத்தில் நின்றபடியே வாயையும் செவுள் மூடியையும் அசைத்து நீரைச் செவுள்களின் வழியே செலுத்திக்கொள்ளும். சூரையால் அது போதிய அளவு இயலாது. வாயைச் சற்றே திறந்தபடி அது முன்னோக்கிப் பாய, நீர் தானே உட்புகுந்து செவுள்களைத் தழுவிச் செல்கிறது. நீந்துதலே அதற்கு மூச்சு. சூரை இனங்கள் சிலவற்றுக்கு உடலை மிதக்க வைக்கும் காற்றுப்பையும் இல்லை; ஆகவே நின்றால் மூச்சும் முட்டும், உடலும் அமிழும். காற்றில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. வெதுவெதுப்பான கடல்நீரில் 7 மில்லிகிராம் அளவே கரைந்திருக்கும். மின்சாரம் தடைப்பட்டுத் தொட்டியின் நீர் அசைவற்று நின்றால் முதலில் தவிப்பவை பெரிய, ஓயாது நீந்தும் மீன்களே.

இனி, கூட்டமாகச் செல்வதன் மர்மத்தைப் பார்ப்போம். மீன்கள் கண்ணால் மட்டும் வரிசை காக்கவில்லை. உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு, அண்டை மீன் எழுப்பும் நீரசைவை உணர்த்துகிறது. 1976இல் வெளியான ஆய்வொன்றில், கண்கள் மறைக்கப்பட்ட மீன்களும் கூட்டத்தில் தம் இடத்தைக் காத்துச் சென்றன. பக்கக்கோட்டின் உணர்வையும் துண்டித்தபோதே அவை வழி தவறின. இத்தனை நுட்பமான ஒழுங்கு, பரந்த நீரில் பகைவரிடமிருந்து தப்பும் பொருட்டு அமைந்தது. நாலைந்து மீன்களைக் குறுகிய இடத்தில் அடைத்தால் அவ்வொழுங்கில் எஞ்சுவது மிகக் குறைவு. பல வேளைகளில் வலியது எளியதைத் துரத்துவதையே காண நேரும்.

பெரும் பொருட்செலவில் இதைச் செய்து பார்த்தவர்களும் உளர். தோக்கியோவில் 1989இல் திறக்கப்பட்ட கசாய் மீன்காட்சிசாலையில், மூலையே இல்லாத வளைய வடிவத் தொட்டி ஒன்றைச் சூரைக் கூட்டத்துக்கென்றே கட்டினார்கள். மூலையில் சிக்கித் தவிக்காமல் மீன்கள் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும் என்பது நோக்கம். அதன் கொள்ளளவு 2,200 டன். நம் ஆறடித் தொட்டியைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேல். தேர்ந்த வல்லுநர்கள் கண்காணித்த அத்தொட்டியிலேயே 2014இன் இறுதியில் மீன்கள் அடுத்தடுத்து மடியத் தொடங்கின. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மீன்கள் இருந்த இடத்தில் 2015 மார்ச் மாத இறுதியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. சுவரில் மோதி முதுகெலும்பு முறிந்தவையும் இறந்தவற்றுள் இருந்தன. காரணம் இன்னதென்று அறுதியிட முடியவில்லை. அதன்பின் புதிய மீன்களை விட்டுக் கூட்டத்தை மீண்டும் அமைத்தனர். ஓர் அரசு நிறுவனத்தால் அது முடியும்; வீட்டில் எவரால் முடியும்?

‘சிறிதாக இருக்கும்வரை வைத்திருந்து, பெரிதானதும் காட்சிசாலைக்குக் கொடுத்துவிடுகிறேன்’ என்பாரும் உண்டு. இதை நான் ஏற்பதில்லை. கேட்டவுடன் வாங்கிக்கொள்ளக் காட்சிசாலைகள் காத்திருப்பதில்லை. பிற கடல்களிலிருந்து வந்த மீனை நம் கடற்கரையில் கொண்டுபோய் விடுவதோ பெருந்தீங்கு.

கூட்டம் காண வேண்டும் என்ற ஆவல் மட்டும் உள்ளவருக்கு வழி இல்லாமற் போகவில்லை. பவழப் பாறைகளை ஒட்டி வாழும் கார்டினல் மீன்களுள் பல, விரலளவே வளர்பவை. பகற்பொழுதில் அவை கிளைத்த பவழத்தின் அருகே கூட்டமாக, ஏறத்தாழ அசையாமலே மிதந்து நிற்கும். இருட்டிய பிறகே இரை தேடும். ஓட்டத்துக்கு நெடுவெளி அவற்றுக்குத் தேவையில்லை. ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும். அந்நாட்களில் அது இரை உண்பதில்லை. தாடை சற்றுப் புடைத்து, எதையும் தீண்டாமல் ஓர் ஓரமாக ஒதுங்கி நிற்பதைக் கொண்டே அதை அடையாளம் கண்டுகொள்ளலாம்.