பதிவேட்டு வரிகளை எண்ணுதலும் தொகுத்தலும்

கணினி தன்பால் நிகழ்வனவற்றைத் தானே எழுதிவைக்கும் இயல்பினது. எவர் உட்புக முயன்றார், எந்நேரத்தில் மறுக்கப்பட்டார் என்பன போன்ற செய்திகள் வரிவரியாக ஒரு கோப்பிற் பதியப்படும். அதுவே லொக் கோப்பு எனப்படும் பதிவேடு. பல்லாயிரம் வரிகளைக் கொண்ட பதிவேட்டைக் கண்ணால் வாசித்து முடித்தல் அரிது. எது எத்தனை முறை நிகழ்ந்தது என்பதே பெரும்பாலும் அறிய வேண்டப்படுவது. சிறு கட்டளைகள் சிலவற்றைத் தொடுத்து அதனை அறியும் முறையும், அம்முறை பிழைபடும் இடங்களும் ஈண்டு ஆராயப்படும்.

இம்முறை யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையோடு வளர்ந்தது. அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் 1969ஆம் ஆண்டில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் அதனை ஆக்கத் தொடங்கினர். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்துதல்போல நிரல்களையும் பொருத்துதல் வேண்டும் என்னும் கருத்தை டக்ளஸ் மக்கில்றோய் 1964ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அக்கருத்து 1973ஆம் ஆண்டில் 'பைப்' என்னும் பெயரோடு யுனிக்சில் இடம்பெற்றது. அதனால் ஒரு நிரலின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடாயிற்று.

கடவுச்சொல் பிழைத்தமையால் மறுக்கப்பட்ட முயற்சிகளை, அவை வந்த முகவரிவாரியாக எண்ணுதல் நோக்கமெனக் கொள்க. முதற்கண் 'கிறெப்' என்னும் கட்டளை மறுப்பைக் குறிக்கும் வரிகளை மாத்திரம் தெரிந்தெடுக்கும். 'ஓக்' அவ்வரிகளிலிருந்து முகவரியைப் பிரித்தெடுக்கும். 'சோட்' அம்முகவரிகளை ஒழுங்குபடுத்தும். 'யுனிக்' ஒத்தனவற்றை ஒன்றாக மடிக்கும். 'சீ' என்னும் குறியைச் சேர்ப்பின் எண்ணிக்கையையும் முன்னே எழுதும். ஈற்றில் மீண்டும் சோட், பெரிய எண் முதலாக நிரைப்படுத்தும்.

சோட் இருமுறை வருதல் மிகையோ எனின், அன்று. யுனிக் அடுத்தடுத்து நிற்கும் வரிகளை மட்டுமே ஒப்புநோக்கும். அ, ஆ, அ, அ, ஆ என ஐந்து வரிகள் உளவாயின், ஒழுங்குபடுத்தாதவிடத்து அது அ 1, ஆ 1, அ 2, ஆ 1 என நான்கு தொகுதிகளைத் தரும். ஒழுங்குபடுத்தியபின் அ 3, ஆ 2 என உண்மை வெளிப்படும். முதலாவது சோட் இனத்தை இனத்தோடு சேர்க்கின்றது. இரண்டாவது அவ்வினங்களை அளவால் வரிசைப்படுத்துகின்றது. இரண்டாவதற்கு எண்மதிப்பைக் கருதுமாறு கூறல் வேண்டும். இன்றேல் எண்களும் எழுத்துக்களாகவே கொள்ளப்பட்டு, 10 என்பது 9இலும் சிறியதாக மதிக்கப்படவுங் கூடும்.

ஓக் ஒன்றைக்கொண்டே எண்ணுதலும் இயலும். அது ஒவ்வொரு முகவரிக்கும் ஓர் அறை வகுத்து, அம்முகவரி வருந்தோறும் அவ்வறையில் ஒன்றைக் கூட்டும். இதற்கு ஒழுங்குபடுத்தல் வேண்டா. ஆயினும் வேறுபட்ட முகவரிகள் பெருகப் பெருக நினைவகமும் மிகுதியாக வேண்டப்படும்.

இனி, பிழைபடும் இடங்கள் மூன்று. முதலாவது, கோலத்தின் தளர்ச்சி. 10.1.1.1 என்று தேடுமிடத்து 10.1.1.15 என்பதும் அகப்படும். மேலும், கிறெப்பில் புள்ளி எவ்வெழுத்தையுங் குறிக்கும். ஆதலின் புள்ளியைப் புள்ளியாகவே கொள்ளுமாறும், சொல் முழுவதும் பொருந்துமாறும் பணித்தல் வேண்டும். இரண்டாவது, வரிக்கும் நிகழ்ச்சிக்கும் உள்ள வேறுபாடு. கிறெப் எண்ணித் தருவது பொருந்திய வரிகளையேயன்றி, பொருத்தங்களையன்று. ஒரு வரியில் ஒரு சொல் மும்முறை வரினும் கணக்கு ஒன்றே. அன்றியும், சில பதிவு முறைகள் மீண்டும் மீண்டும் வரும் செய்தியை, 'இத்தனை முறை நிகழ்ந்தது' என ஒரே வரியிற் சுருக்கிவிடும். மூன்றாவது, பதிவேட்டின் எல்லை. பழைய பதிவுகள் வேறு கோப்புகளுக்கு மாற்றப்படுதல் வழக்கமாதலின், இன்றைய கோப்பை மட்டும் எண்ணியவர் முழுக்காலத்தையும் எண்ணியவராகார்.

இத்தொடரின் ஆற்றல் 1986ஆம் ஆண்டில் நன்கு புலனாயிற்று. ஒரு நூலில் மிகுதியாக வரும் சொற்களை எண்ணித் தருமாறு ஜோன் பென்ற்லி விடுத்த வினாவுக்கு, டொனால்ட் நூத் பல பக்கங்களில் நுணுக்கமான நிரலொன்றை எழுதினார். அதனை மதிப்பிட்ட மக்கில்றோய், நிரலின் நேர்த்தியைப் பாராட்டிய பின்னர், ஆறு கட்டளைகளால் அதே பயனைப் பெற்றுக் காட்டினார். அவற்றின் நடுவே நின்றனவும் சோட், யுனிக், சோட் என்னும் மூன்றுமே.

எனினும், எண்ணிக்கை வேறு, தீர்ப்பு வேறு. ஒரு நிறுவனத்தின் கணினிகள் பலவும் புறத்தே ஒரே முகவரியாற் காணப்படுதல் உண்டு. பட்டியலின் தலையில் நிற்கும் முகவரி ஒரு தீயோனுடையதாகவும் இருக்கலாம். கடவுச்சொல்லை மறந்த மாணவர் பலருடையதாகவும் இருக்கலாம். அதனை உடனே தடைசெய்வோர் குற்றமற்றோர்க்கும் வாயிலை அடைத்தவராவர். ஆதலின், எண்ணியபின் மூல வரிகளுக்கு மீண்டுசென்று, நேரத்தையும் பயனர் பெயரையும் நோக்கியே முடிவுசெய்தல் அறிவுடையோர்க்குக் கடனாகும்.