அமுக்க அமுக்க இறுகும் றப்பர்

உயிலங்குளத்தில் மன்னார் வீதியோரக் கராஜ் ஒன்றில் பழைய மொறிஸ் மைனர் காரின் பிறேக்கைக் கழற்றிவைத்திருந்தார்கள். சில்லுக்குள் இருந்த சிலிண்டரிலிருந்து எடுத்த றப்பர் வோஷரை மெக்கானிக் அண்ணை என் உள்ளங்கையில் வைத்தார். சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிது, கோப்பைபோலக் குழிந்திருந்தது. முக்கால் தொன் காரை நிறுத்துவது இத்தகைய சில வோஷர்கள்தான்.

பெடலை மிதித்ததும் பிறேக் ஒயில் அந்தக் குழிக்குள் அழுந்துகிறது. மெல்லிய விளிம்பு விரிந்து சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு பலமாக மிதிக்கிறோமோ அவ்வளவு இறுக்கம். றப்பரை வளைக்கலாம், நசுக்கலாம். அதன் கனவளவைக் குறைப்பதுதான் கடினம். அதனால் ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கங்களில் பிதுங்கி இடைவெளியை அடைக்கிறது. ஒழுகி வெளியேறத் துடிக்கும் ஒயிலே தன் வழியைத் தானே மூடிவிடுகிறது!

பள்ளத்தில் பதித்து வைக்கும் றப்பர் வளையமான ஓ-றிங்கும் இப்படித்தான் வேலைசெய்கிறது. ட்ராம் வண்டிகளுக்குக் காற்றுப் பிறேக் செய்த நீல்ஸ் கிறிஸ்டென்சன், எழுபது வயதைக் கடந்தபின் ஓ-றிங்குக்கு அமெரிக்கக் காப்புரிமை கேட்டார், 1939இல் கிடைத்தது.

இயற்கை றப்பருக்கு ஒரு பகை உண்டு. சாதாரண றப்பர் பாண்ட் ஒன்றைப் பெற்றோலில் ஊறப்போட்டு மறுநாள் பாருங்கள்: ஊதிப் பருத்து, தொட்டாலே அறுந்துவிடும் போலிருக்கும். இயற்கை றப்பரும் பெற்றோலும் ஐதரோகாபன்கள். இனம் இனத்தோடு சேர்கிறது. பெற்றோல் மூலக்கூறுகள் றப்பரின் நீண்ட சங்கிலிகளுக்கிடையே நுழைந்துவிடுகின்றன. சங்கிலிகளைக் கந்தகம் பிணைத்திருப்பதால் றப்பர் கரையாமல் வீங்குகிறது. பிறேக் ஒயிலோ வேறு இனம். உள்ளே அவ்வளவாகப் புகாது.

பெற்றோலுக்குத் தடையிருந்த போர்க்காலத்தில் வடக்கின் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சின் அதைத் தாங்கியது. இயற்கை றப்பர் வோஷர் தாங்காது. மண்ணெண்ணெயில் கழுவினாலோ, பிறேக் தொட்டியில் எஞ்சின் ஒயிலை ஊற்றினாலோ வோஷர் வீங்கிச் சிலிண்டருக்குள் இறுகிவிடும். மிதித்த பிறேக் விடாது. எஞ்சின் ஒயில் படும் இடங்களுக்கு நைட்றைல் என்ற செயற்கை றப்பர் இருக்கிறது.

 

அண்ணை புது வோஷரைப் பிறேக் ஒயிலில் நனைத்து, விரலாலேயே சிலிண்டருக்குள் தள்ளினார். திருப்புளி பட்டு விளிம்பில் மயிரளவு கீறல் விழுந்தாலும் ஒழுகுமாம். எல்லாவற்றையும் பூட்டி, காற்றெடுத்து, பெடலை மிதித்தார். கல்லுப்போல நின்றது.