மைதானத்துக்கு வெளியே – 9: அடிலெய்டில் முடிந்த வழக்கு

2008 சிட்னி டெஸ்ட் என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது அம்பயர் ஸ்டீவ் பக்னர். 30 ரன்னில் எட்ஜ் கொடுத்த ஆஸ்திரேலிய வீரர் ஆண்ட்ரூ சைமண்ட்ஸுக்கு அவுட் தராமல் விட்டார். சைமண்ட்ஸ் 162 அடித்துவிட்டு நின்றார். கடைசி நாளில் மைக்கேல் கிளார்க் ஒரே ஓவரில் மூன்று விக்கெட் எடுத்து ஆட்டத்தை முடித்தார். 122 ரன் வித்தியாசத்தில் தோற்ற அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளேயே இன்னொரு புகாரையும் சேர்த்து அமுக்கிவிட்டோம்.

ஆட்டத்தின் மூன்றாம் நாள். சச்சினும் ஹர்பஜனும் எட்டாவது விக்கெட்டுக்கு ரன் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ரன் ஓடும்போது ஹர்பஜன், பிரெட் லீயின் பின்பக்கத்தில் மட்டையால் செல்லமாகத் தட்டினார். சைமண்ட்ஸ் குறுக்கே வந்தார், வாய் வார்த்தை முற்றியது. தன்னைக் குரங்கு என்று ஹர்பஜன் சொன்னார் என்பது சைமண்ட்ஸ் வைத்த குற்றச்சாட்டு. ஹேடனும் கிளார்க்கும் காதால் கேட்டதாகச் சாட்சி சொன்னார்கள். ஹர்பஜன் அடியோடு மறுத்தார். திட்டியது உண்மை, இனத்தைச் சொல்லித் திட்டவில்லை என்பது நம் தரப்பு வாதம்.

சைமண்ட்ஸ் சும்மா கொதிக்கவில்லை. கரீபியன் வம்சாவளிக்காரரான அவரைப் பார்த்து, அதற்கு மூன்று மாதம் முன்புதான் வடோதராவிலும் மும்பை வான்கடேயிலும் நம் ரசிகர்கள் குரங்கு போலக் கத்தியிருந்தார்கள். வான்கடேயில் சேட்டை செய்த சிலரைப் போலீஸ் பிடித்தது. டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவனைக் காலரைப் பிடித்து வெளியே தள்ளுவது சுலபம். ஆட்டோகிராஃப் போடுகிறவர் மீது கை வைப்பதுதான் கஷ்டம்.

மேட்ச் ரெஃபரி மைக் பிராக்டர் மூன்று டெஸ்ட் தடை போட்டார். பிராக்டர் தென்னாப்பிரிக்க வெள்ளையர். புகார் சொன்ன அணியின் பேச்சை மட்டும் நம்பினார் என்று இங்கே கொந்தளித்தார்கள். அந்த வார்த்தை ஒலிப்பதிவில் சிக்காத வழக்கில் அந்தச் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். மேல்முறையீடு செய்தது சரி. அதோடு நின்றிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். ஆனால் நம் கிரிக்கெட் போர்டு சுற்றுப்பயணத்தையே ரத்து செய்வோம் என்கிற அளவுக்குப் போனது. அணி சிட்னி ஹோட்டலை விட்டு நகரவில்லை. தீர்ப்பு பாதகமாக வந்தால் வீரர்களை அழைத்து வரத் தனி விமானம் தயார் என்று பேப்பர்களில் செய்தி. டிவி உரிமைப் பணம் எவ்வளவு போகும் என்ற கணக்கு ஆஸ்திரேலிய போர்டுக்கும் தெரியும்.

ஜனவரி 29, அடிலெய்டு. மேல்முறையீட்டை விசாரித்த நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹான்சன், இனவெறிக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றார். திட்டியதற்கு மட்டும் அந்த ஆட்டத்தின் சம்பளத்தில் பாதி அபராதம். தடை போயிற்று. ஹர்பஜனின் முந்தைய தண்டனைகளின் முழு விவரம் நீதிபதி கைக்கு வரவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் தண்டனை வேறாக இருந்திருக்கலாம் என்று அவரே சொன்னார். தவறு ஐ.சி.சி.யுடையது.

ஹான்சன் சாட்சியங்களைப் பார்த்து நேர்மையாகவே முடிவெடுத்திருக்கலாம். இருந்தாலும் வாசலில் விமானம் நிற்கிறது என்ற பேச்சுக்கு நடுவே வந்த தீர்ப்பை யார் நம்புவார்? இதில் சைமண்ட்ஸுக்கு மட்டும் நஷ்டமில்லை. ஹர்பஜன் நிஜமாகவே அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்றால், அவருடைய போர்டே அவர் பெயரைச் சந்தேகமில்லாமல் துடைக்க முடியாதபடி செய்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து முதல் ஐ.பி.எல். ஏலம். தோனிக்கு அடுத்து அதிக விலை போனவர் சைமண்ட்ஸ், 13.5 லட்சம் டாலர். புகார் கொடுத்தவருக்கும் இங்கே சந்தை உண்டு என்று காட்டியாயிற்று, பழசையெல்லாம் மறந்தாயிற்று. அந்த ஏப்ரலில் மொஹாலியில் ஹர்பஜன் ஸ்ரீசாந்தைக் கன்னத்தில் அறைந்தார். மிச்சமிருந்த 11 ஐ.பி.எல். ஆட்டங்களுக்கும் தடை, அதற்கு மேல் ஐந்து ஒருநாள் ஆட்டங்களுக்கும் தடை. அழுத ஸ்ரீசாந்தை நாடே டிவியில் பார்த்தது. நட்சத்திரத்தைத் தண்டிக்க நம் போர்டுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

சைமண்ட்ஸ் சரிந்தார். குடி கூடியது. அணிக் கூட்டத்தை விட்டு மீன் பிடிக்கப் போனதற்காக வீட்டுக்கு அனுப்பினார்கள். 2009 டி20 உலகக் கோப்பையிலிருந்தும் திருப்பி அனுப்பினார்கள். அதோடு ஆஸ்திரேலிய அணியில் அவர் கதை முடிந்தது. அடிலெய்டுக்குப் பிறகுதான் தன் சரிவு ஆரம்பித்தது என்று பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். 2011-ல் இருவரும் மும்பை இந்தியன்ஸில் ஒன்றாக ஆடினார்கள். அப்போது ஹர்பஜன் அழுது மன்னிப்புக் கேட்டார் என்று சைமண்ட்ஸ் சொல்ல, அது கட்டுக்கதை என்று ஹர்பஜன் பதில் சொன்னார். 2022-ல் சைமண்ட்ஸ் கார் விபத்தில் இறந்தார்.

சென்னைக்காரர்களும் இதில் ஒதுங்கி நிற்க முடியாது. சாட்சி சொன்ன ஹேடன் நம் ஐ.பி.எல். அணிக்கு ஆடியபோது தோளில் தூக்கி வைத்தோம். 2018-ல் அதே அணியின் மஞ்சள் சட்டை போட்டுத் தமிழில் ட்வீட் போட்ட ஹர்பஜனையும் அப்படியே. எங்கள் ஆள் என்று ஆனதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். அதே ஊரில் வளர்ந்த கிரிக்கெட் வீரர்கள் எல். சிவராமகிருஷ்ணனும் அபினவ் முகுந்தும் தங்கள் தோல் நிறத்துக்காகப் பட்ட அவமானத்தைப் பொதுவெளியில் எழுதியபோது, அது ஓரிரு நாள் செய்தி.

இனவெறிப் புகார்கள் இப்படித்தான் முடிய வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. 2019 ஜனவரியில் டர்பனில், பாகிஸ்தான் கேப்டன் சர்ஃபராஸ் அகமது தென்னாப்பிரிக்க வீரர் பெலுக்வாயோவை நிறத்தைச் சொல்லி ஏசியது ஸ்டம்ப் மைக்கில் விழுந்தது. சர்ஃபராஸ் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். எதிரணியும் ஏற்றுக்கொண்டது. இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்களே, பிறகு எதற்குத் தண்டனை என்று பாகிஸ்தான் போர்டு வருத்தப்பட்டது. ஐ.சி.சி. கேட்கவில்லை, நான்கு ஆட்டம் உட்கார வைத்தது. இதே மைக்கில் இந்திய கேப்டன் ஒருவரின் குரல் விழுந்திருந்தால் ஐ.சி.சி. என்ன செய்திருக்கும் என்று யாரும் அன்று கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

(தொடரும்)