முதற் சந்திப்பில் கைவேலை

புதிதாகத் திறக்கப்பெற்ற அங்கன்வாடியிலும், ஆண்டின் நடுவே வேற்றூர்க் குழந்தைகள் வந்து சேர்ந்த ஆரம்பப் பள்ளியிலும், முதல் நாளன்று காணப்படும் காட்சி பெரும்பாலும் ஒன்றே. சில குழந்தைகள் அழுவர். சிலர் தூணைப் பற்றிக்கொண்டு நிற்பர். முன்பே பழக்கமுள்ள நால்வர் ஒரு மூலையில் கூடிப் பேசுவர். ஆசிரியர் அனைவரையும் வட்டமாக அமர்த்தி, ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், தந்தையின் தொழில் ஆகியவற்றைக் கூறுமாறு பணிப்பது வழக்கம். நல்ல எண்ணத்துடன் கையாளப்படும் இம்முறை, குழந்தைகள் கலந்து பழகுவதற்கு உதவுவதைவிட இடையூறாக அமைவதே மிகுதி. கூச்சமுள்ள குழந்தை, எல்லாக் கண்களும் தன்மீது படிந்திருக்கையில் வாய் திறப்பதில்லை. அன்றியும், நம் நாட்டின் பல பகுதிகளில் பெயரின் பிற்பகுதியும் தந்தையின் தொழிலும் சாதியைப் புலப்படுத்திவிடுகின்றன. எவரோடு ஒட்டி அமரலாம், எவர் கையிலிருந்து நீர் வாங்கலாம் என்பதை வீட்டிலேயே கேட்டு வந்த குழந்தைக்கு, அத்தகைய அறிமுகம் விலகி நிற்கக் காரணமாகிவிடுகிறது. பேச்சை அடுத்த நாளைக்கு ஒத்திவைத்து, முதல் நாளில் கைகளுக்கு வேலை தருவதே ஏற்றது.

இதற்கு உளவியல் அடிப்படை உண்டு. அமெரிக்க நாட்டு ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன், மழலைப் பள்ளிக் குழந்தைகளின் விளையாட்டைக் கூர்ந்து நோக்கி 1932ஆம் ஆண்டில் ஒரு பகுப்பை வெளியிட்டார். தனித்து விளையாடுதல், பிறர் ஆட்டத்தைப் பார்த்திருத்தல், அருகருகே அவரவர் ஆட்டத்தை ஆடுதல், கலந்து ஆடுதல், ஒரே நோக்குடன் கூடி ஆடுதல் என்பன அவற்றுள் முக்கியமானவை. புதிய இடத்திற்கு வந்த குழந்தை, வயதில் சற்று மூத்ததாயினும், பார்த்திருக்கும் நிலையிலேயே தொடங்குவதைக் களத்தில் காணலாம். கைவேலை அதனை அருகருகே ஆடும் நிலைக்கு எளிதில் கொண்டுசெல்கிறது. கண்கள் காகிதத்தையோ களிமண்ணையோ நோக்கியிருப்பதால், எதிரிலிருப்பவரின் முகத்தைப் பார்த்தே தீரவேண்டிய நெருக்கடி இல்லை. பேச்சு எழும்போது பேசுவதற்கு ஒரு பொருளும் கையிலேயே இருக்கிறது.

எனினும் அருகருகே அமர்த்துவது மட்டும் போதாது. 1954ஆம் ஆண்டில் முசாபர் ஷெரீப் என்பவரும் அவருடைய குழுவினரும் ஓக்லகோமா மாநிலத்தில் 22 சிறுவர்களைக் கொண்டு நடத்திய சோதனை இதனை விளக்குகிறது. இரு குழுக்களாகப் பிரித்துப் போட்டியிட விடப்பட்ட அச்சிறுவர்கள் பகை கொண்டனர். ஒருங்கே உணவருந்தச் செய்தும் பகை தணியவில்லை. உணவை ஒருவர்மீது ஒருவர் எறிந்ததே மிச்சம். தடைப்பட்ட குடிநீரைச் சீர்செய்வதும், நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுப்பதுமாகிய, இரு குழுவும் சேர்ந்தாலன்றி முடியாத வேலைகளே அவர்களை ஒன்றுபடுத்தின. (சிறுவர்களிடையே வேண்டுமென்றே பகை மூட்டும் இத்தகைய சோதனையை இன்று எவரும் அனுமதியார்.) ஆகவே கைவேலையைத் தேர்ந்தெடுக்கையில், ஒருவர் தனித்து முடிக்க இயலாத ஒரு கூறு அதில் இருத்தல் வேண்டும்.

ஏழு வயதிற்கு மேற்பட்டோருக்கு மஞ்சள் காகித வேலை மிகப் பொருத்தமானது. அரைத்த மஞ்சளைச் சிறிது நீரில் குழைத்து, வழவழப்பில்லாத வெள்ளைக் காகிதத்தில் பூசி நிழலில் உலர்த்தவேண்டும். பூசும் வேலை ஒரு குழந்தைக்கு. சலவைச் சோப்பைக் கரைத்த நீரில் குச்சியைத் தோய்த்து வரையும் வேலை அதன் இணைக்கு. நீர் பட்ட இடமெல்லாம் செந்நிறமாக மாறக் கண்டு இருவரும் வியப்பர். மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தில் சிவக்கும். எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். இணையின் பெயரைக் கேட்டு எழுதுமாறு கூறினால், பெயரைக் கேட்கவேண்டிய தேவை தானாகவே எழும். எழுதத் தெரியாதார் இணைக்குப் பிடித்த விலங்கை வரையலாம். அவர்கள் காரணம் வினவும் தருணமே அறிவியல் பாடத்தின் தொடக்கம். கடையில் விற்கும் பளிச்சிடும் மஞ்சள் தூளில் ஈயம் கலந்த நிறமி சேர்க்கப்படுவதுண்டு. ஆதலால் கிழங்கை வாங்கி அரைப்பதே நன்று. சோப்புக்குப் பதிலாகச் சுண்ணாம்பைத் தருதல் கூடாது. கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு விளையும்.

மிகச் சிறியோருக்கு உள்ளங்கை மரம் போதும். சுவரில் ஒட்டிய பெரிய தாளில் ஆசிரியர் கிளைகளை மட்டும் வரைவார். ஒரு குழந்தை பழைய செய்தித்தாள்மீது கையை வைக்க, மற்றொன்று அதன் விளிம்பைக் கரியால் வரையும். ஆசிரியர் வெட்டித் தருவதைக் குழந்தைகள் இலையாக ஒட்டுவர். பிந்தி வரக்கூடியவர்களுக்காக ஒரு கிளையை வெறுமையாக விட்டுவைப்பது நலம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன்படி ஆண்டின் எந்நாளிலும் குழந்தை வந்து சேரலாம் அல்லவா? குறுக்கே வெட்டிய வெண்டைக்காயை வண்ணத்தில் தோய்த்து அச்சிடுதல் முதலியனவும் இவ்வகையினவே.

களிமண்ணைப் பற்றித் தனியே கூறவேண்டும். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து அறுவடைக்குப்பின் குடும்பங்கள் செங்கற்சூளைகளை நாடித் தெலங்கானா, தமிழ்நாடு முதலிய இடங்களுக்குச் சென்று, மழைக்கு முன் ஊர் திரும்புகின்றன. அக்குழந்தைகள் சூளைக்கு அருகிலுள்ள பள்ளியில் சேரும்போது, ஆசிரியரின் மொழியும் உடன் பயில்வோரின் மொழியும் அவர்களுக்கு விளங்குவதில்லை. ஒரு வாரம் ஊமைபோல் அமர்ந்திருந்துவிட்டு நின்றுவிடுவோர் உண்டு. ஆனால் மண்ணின் பதம் அவர்களுக்குத் தெரியும். எவ்வளவு நீர் விடுவது, எப்போது வெடிக்கும் என்பதை உள்ளூர்க் குழந்தைகளைவிட நன்கு அறிவர். ஐவர் அல்லது அறுவர் கொண்ட குழு ஒவ்வொன்றிலும் இரு மொழியினரையும் கலந்து, வீடு, கிணறு, மாடு, பாதை எல்லாம் அமைந்த ஒரு கிராமத்தைச் செய்யச் சொன்னால், புதிதாக வந்த குழந்தையே மற்றவர்க்கு வழிகாட்டுவதாகிவிடுகிறது. மாட்டிற்கும் கிணற்றிற்கும் இரு மொழிப் பெயர்களையும் குழந்தைகள் தாமே பரிமாறிக்கொள்வர். செங்கல் மட்டும் செய்யச் சொல்லலாகாது. அது அவர்களுக்கு விளையாட்டன்று, வீட்டாரின் கூலி வேலை.

கிடைத்த பொருளைக்கொண்டே கற்பித்தல் நம் நாட்டிற்குப் புதியதன்று. 1945ஆம் ஆண்டில் மகாராஷ்டிரக் கடற்கரையிலுள்ள போர்டியில் தாராபாய் மோடக், அனுதாய் வாக் ஆகிய இருவரும் தொடங்கிய பணி, பின்னர்க் கோசபாடு குன்றுப்பகுதியின் ஆதிவாசிக் குழந்தைகளிடையே வளர்ந்தபோது, கூழாங்கல், இலை, விதை ஆகியவையே உபகரணங்களாக விளங்கின.

இருவருக்கு ஒரு கத்தரிக்கோல், நால்வருக்கு ஒரு பசைக்கிண்ணம் என்று வைப்பது கேட்டு வாங்கும் பழக்கத்தைத் தோற்றுவிக்கும். நான்கு வயதிற்குட்பட்டோரிடம் இது சண்டையாகவே முடியுமாதலால் அவர்களுக்குத் தனித்தனியே தருக. பசை, மைதாவையோ சோற்றுக் கஞ்சியையோ காய்ச்சியதாக இருக்கட்டும். பூச்சி வராதிருக்க மயில்துத்தம் கலந்த பசை நஞ்சு. முடிந்த வேலைக்கு முதல், இரண்டாம் என்று பரிசு அறிவிப்பது அதுவரை செய்ததைக் கெடுத்துவிடும். நாற்பது நிமிடத்திற்கு மேல் நீட்டாமல், கைகழுவ நீர் வைத்து முடிக்கவேண்டும். ஒருவர் ஊற்ற ஒருவர் கழுவுவதும் இதே வேலையின் பகுதிதான்.

மறுநாள் எவர் எவரருகில் அமர்ந்தனர் என்பதை ஆசிரியர் நாட்குறிப்பில் எழுதிவைப்பது பயன் தரும். இரண்டு மூன்று நாட்களுக்குப் பின்னும், கைவேலையில் ஈடுபட்டிருந்தும், அழைப்பிற்குத் திரும்பாமல் தனித்தே இருக்கும் குழந்தையைக் கூச்சமுள்ளது என்று விட்டுவிடலாகாது. செவிப்புலனில் குறை இருக்கக்கூடும். 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வருகின்றனர். அவ்வருகைக்காகக் காத்திராமல், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அக்குழந்தையைப் பெற்றோருடன் உடனே அனுப்புதல் வேண்டும்.